காவலும் அமானிதமும்

சில மாதங்களுக்கு முன் நம் கைக்கு ஒரு கடிதம் வந்தது. நம் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து வந்தது. ‘காவல்துறை – பொதுமக்கள் நல்லுறவுக் குழு’ ஒன்று அமைக்கப்பட இருப்பதாகவும், ஊரில் மதிப்புடையோருள் ஒருவர் என்ற முறையில் நாமும் அதில் உறுப்பினராக இசைய வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. கீழே கையொப்பமிட ஒரு கோடு. அதனருகே கைபேசி எண் எழுத ஒரு கட்டம். அவ்வளவே. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். ஆயினும் அக்கடிதம் பதினோரு நாட்கள் நம் மேசை மீது கிதாபுகளுக்கு இடையே கிடந்தது. அது ஏன் கிடந்தது என்பதை வாசகர்களிடம் சொல்லிவிட எண்ணுகிறோம்.

1998ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 14ஆம் நாள் கோவையில் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் பறிபோயின. அதற்கு முன், 1997 நவம்பர் இறுதியில், அதே நகரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டதும் வாசகர்கள் அறிந்தவை. காவலரைக் கொன்றவர்களும் குண்டு வைத்தவர்களும் நம் பெயர்களைத் தாங்கியவர்களே என்பதை மறைப்பதற்கில்லை. அவர்கள் செய்த கொடுமையின் நிழல், அவர்களை ஒருநாளும் கண்டிராத எத்தனையோ மதரஸாக்களின் வாசலிலும் விழுந்தது.

நாம் அப்போது ஓதி முடித்து, ஸனது பெற்று, வேறொரு மாவட்டத்துச் சிற்றூர் மதரஸாவில் இளைய உஸ்தாதாகச் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. மாணவர்கள் 43 பேர். மார்ச் மாதத்தில் ஒருநாள், லுஹர் தொழுகை முடிந்து பிள்ளைகள் சாப்பாட்டுக்கு அமர்ந்த வேளையில், ஏட்டு ஒருவர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வயதானவர். செருப்பை வாசலிலேயே கழற்றியவர். “தப்பா நினைக்காதீங்க ஹஜ்ரத், மேலே கேக்கிறாங்க. பிள்ளைங்க பேரு, தகப்பனார் பேரு, ஊரு எல்லாம் எழுதிக் கொடுத்துடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தோம். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. பதிவேட்டில் உள்ளதைத்தானே கேட்டார்?

மறுவாரமும் வந்தார். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது. “யாரு வந்து போறாங்க, பெரிய பிள்ளைங்க தங்களுக்குள்ள என்ன பேசிக்கிறாங்க, அதையும் வாரம் ஒரு தடவை நம்ம காதுல போட்டுடுங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது” என்றார்.

நாம் ‘சரி’ என்று சொல்லவில்லை. ‘முடியாது’ என்றும் சொல்லவில்லை. தலையை ஒருவிதமாக அசைத்தோம். எந்தப் பக்கம் அசைத்தோம் என்று இன்று கேட்டாலும் நமக்குச் சொல்லத் தெரியாது. அந்நேரம் பக்கத்தில் ஹவுளில் ஒளூ செய்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் இவை அனைத்தையும் கேட்டுவிட்டான். நஹ்வுப் பாடத்தில் நம்மை மூச்சுவிட விடாமல் கேள்வி கேட்பவன் அவன். அதற்குப் பின் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாம் அறைக்குள் நுழைந்தால் பிள்ளைகளின் பேச்சு நின்றுவிடும். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு ஊர் சென்றவன் திரும்பி வரவே இல்லை. அவனுடைய தகரப் பெட்டியை எடுத்துப் போக அவன் தகப்பனார் வந்தார். “பையனுக்கு இங்கே மனசு ஒட்டலை ஹஜ்ரத்” என்றார். நம் முகத்தை அவர் பார்க்கவில்லை. எவரைப் பற்றியும் நாம் ஒரு சொல்லும் கொண்டுபோய்ச் சொன்னதில்லை, அல்லாஹ் அறிவான். ஆனால் சொல்லமாட்டோம் என்பதை அன்று அவன் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

பெட்டி போன பிறகே நடந்ததைப் பெரிய ஹஜ்ரத்திடம் சொன்னோம். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நாமெல்லாம் ஓதி மறந்துவிட்ட ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வருகையில் ஒரு வீட்டினுள் பாட்டொலி கேட்டு, மதிலேறி உள்ளே குதித்து, அங்கிருந்தவனை மதுவோடு கண்டு கடிந்தார்களாம். அவனோ, நான் செய்த குற்றம் ஒன்று, தாங்கள் செய்தவை மூன்று என்றானாம்: துருவித் துருவி வேவு பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழைந்தது. உமர் (ரலி) அவர்கள் அதை ஒப்புக்கொண்டு வெளியேறினார்கள். அரசின் காவலுக்கும் ஒரு வாசல் உண்டு என்பதை அரசரிடமே ஒரு குடிமகன் சொல்ல முடிந்த காலம் அது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் பெரிய ஹஜ்ரத்தை நாம் இவ்வளவு மதித்திருக்க மாட்டோம். அவர்கள் எழுந்து அலமாரியிலிருந்து இமாம் மாவர்தீ அவர்களின் ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வை எடுத்து, ஹிஸ்பா பற்றிய பகுதியைத் திறந்து வைத்தார்கள். கி.பி. 1058இல் மறைந்த அப்பெரியார், சந்தையையும் தெருவையும் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு வரம்பு வகுக்கிறார். வெளிப்படாத குற்றத்தைத் தேடி வேவு பார்க்க அவருக்கு உரிமை இல்லை. ஆயினும் ஒரு விலக்கு வைக்கிறார்: ஒருவன் மற்றொருவனைக் கொல்வதற்காகத் தனியிடம் கொண்டுபோயிருக்கிறான் என்று நம்பத்தகுந்தவர் வந்து சொன்னால், பின்னர் ஈடுசெய்ய இயலாத அத்தகைய தீங்கைத் தடுக்க, துருவி அறியலாம். உயிர் போகும் காரியம் வேறு, பிள்ளைகளின் வாய்ப்பேச்சு வேறு. “இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தானே உங்களை ஓத வைத்தோம்?” என்று கேட்டார்கள். மறுநாள் அவர்கள் மட்டும் காவல் நிலையம் சென்று வந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொல்லவில்லை. ஏட்டு அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் வாசலோடு ஸலாம் சொல்லிப் போவார்.

தமிழில் ‘காவல்’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். காப்பதும் காவல், ஒருவனை அடைத்து வைப்பதும் காவல். ‘காவலில் இருக்கிறான்’ என்று கேட்டால் அவன் பத்திரமாக இருக்கிறான் என்று எந்தத் தாயும் எடுத்துக்கொள்வதில்லை. அரபியிலோ அச்சமின்மையைக் குறிக்கும் ‘அம்ன்’, நம்பி ஒப்படைக்கப்பட்டதைக் குறிக்கும் ‘அமானத்’, விசுவாசத்தைக் குறிக்கும் ‘ஈமான்’ ஆகிய மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. வள்ளுவரும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியவர்தாம். அரசனுக்கு ஒற்றன் வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் ஒற்று ஆராய வேண்டியவர்களை அவர் எண்ணும்போது பகைவரோடு நிறுத்தவில்லை; அரசனிடம் வேலை பார்ப்பவர்களையும் அவனுடைய சுற்றத்தாரையும் சேர்த்தே சொல்கிறார். இந்தப் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டும் அதிகாரியை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

இத்தனை பழைய கணக்கு மனத்தில் இருக்க, கடிதத்தில் எப்படிக் கையெழுத்திடுவது? சென்னையில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் நம் தம்பி மகனிடம் இதைச் சொன்னோம். “பெரியத்தா, இதற்கென்றே ஆராய்ச்சிகள் இருக்கின்றன” என்று ஒரு கட்டுக் காகிதங்களை அனுப்பி வைத்தான். நாட்டுப் பாதுகாப்பு என்றால் எல்லையும் பீரங்கியும் என்றே நாம் எண்ணியிருந்தோம். எல்லையைப் பற்றி ஆராய டெல்லியில் 1965இல் ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தோன்றியது; தெருவைக் காக்கும் காவல்துறையைப் பற்றி ஆராய 1970இல் நடுவண் அரசு ஒரு பணியகத்தை ஏற்படுத்தியது. இவ்விரண்டுக்கும் இடையே பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வுகள் தனி. அக்கட்டில் ‘பிவண்டி’ என்ற பெயரைக் கண்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நம்மோடு ஓதிய தோழர் ஒருவர் அவ்வூரில்தான் பல ஆண்டுகளாக இமாமாக இருக்கிறார். ஒரு நிக்காஹுக்காக நாமும் அங்கே போய் வந்திருக்கிறோம்.

பிவண்டி, மும்பைக்கு வடகிழக்கே தாணே மாவட்டத்தில் உள்ள விசைத்தறி நகரம். இரவிலும் தறியோசை ஓயாது. உத்தரப் பிரதேசத்திலிருந்து பரம்பரை பரம்பரையாக வந்து குடியேறிய அன்சாரி நெசவாளர்களும், தெலுங்கு நாட்டுப் பத்மசாலி நெசவாளர்களும், கொங்கணி முஸ்லிம்களும், மராட்டியர்களும் நெருக்கியடித்து வாழும் ஊர். 1970 மே மாதத்தில் சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தை ஒட்டி அங்கே பெருங்கலவரம் மூண்டது. அதை விசாரித்த நீதிபதி மதோன் ஆணையம் காவல்துறையின் ஓரவஞ்சனையைக் கடுமையாகக் கண்டித்தது. 1984 மே மாதத்தில் மீண்டும் நெருப்பு. இம்முறை தாணேக்கும் மும்பைக்கும் பரவி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. ‘பிவண்டி’ என்றாலே கலவரம் என்று பொருளாகிவிட்ட காலம்.

1988இல் அங்கே காவல் துணை ஆணையராக வந்தவர் சுரேஷ் கோப்டே. கலவரம் மூண்ட பின் அணைக்கப் போவதை விட்டு, மூளுமுன் என்ன செய்யலாம் என்று எண்ணியவர். பண்டிகைக்கு முதல் நாள் ஊர்ப் பெரியவர்களையும் கட்சிக்காரர்களையும் அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பும் சமாதானக் குழுக்களை அவர் நம்பவில்லை. தெருத் தெருவாக மொஹல்லா குழுக்களை அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இருந்தனர். பெரும்பாலும் சாதாரண மனிதர்கள். 1991க்குள் நகரம் முழுவதும் ஏறத்தாழ 70 குழுக்கள் இயங்கின. இவர்கள் கூடிப் பேசியவை எவை? குடிநீர்க் குழாய்ச் சண்டை, சாக்கடை அடைப்பு, பிள்ளைகள் அடித்துக்கொண்டது, வாடகைத் தகராறு. நம் தோழர் சொன்ன ஒன்றை மறக்க முடியவில்லை: “தண்ணீர்க் குழாய்க்காக நாற்பது முறை ஒன்றாக உட்கார்ந்தவர்களுக்கு, நாற்பத்தொன்றாவது முறை உட்காருவது கஷ்டமாக இல்லை.”

அந்த நாற்பத்தொன்றாவது முறை 1992 டிசம்பர் 6 அன்று வந்தது. பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை எரிந்தது. ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி 900 பேர் மாண்டனர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். அதற்கு அடுத்தாற்போலிருந்த பிவண்டியில், எந்த ஊர் முதலில் எரியும் என்று எல்லோரும் நினைத்தார்களோ அந்த ஊரில், கலவரம் மூளவில்லை. கோப்டே அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் குழுக்களைக் கைவிடாமல் நடத்தியிருந்தார். மும்பை ஏன் எரிந்தது, பிவண்டி ஏன் எரியவில்லை என்ற கேள்வியையே தலைப்பாக்கி கோப்டே பின்னர் ஒரு நூல் எழுதினார். மும்பையும் பாடம் கற்றுக்கொண்டு, கலவரத்துக்குப் பின் தன் பகுதிகளில் மொஹல்லா குழுக்களை அமைத்தது.

அசுதோஷ் வார்ஷ்னே என்ற அரசியல் அறிஞர் 2002இல் வெளியிட்ட ஆய்வு நூலிலும் இந்த எண்ணம் விரிந்து கிடக்கிறது. 1950 முதல் 1995 வரை இந்து – முஸ்லிம் கலவரங்களில் இறந்தோருள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் எட்டே நகரங்களில் மடிந்தவர்கள் என்று அவர் கணக்கெடுத்தார். கிராமங்களின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. கோழிக்கோட்டையும் அலிகரையும் அருகருகே வைத்துப் பார்த்து, வணிகர் சங்கம், தொழிற்சங்கம் போன்றவற்றில் இரு சாராரும் சேர்ந்து உட்காரும் ஊர் தாங்கி நிற்கிறது என்கிறார். பெருநகரங்களில் வெறும் தெருப் பழக்கமும் பண்டிகைப் பலகாரமும் அவ்வளவு பலம் தருவதில்லையாம். இது நமக்குச் சற்றுக் கசந்தது. பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணியிருப்பவர்களில் நாமும் ஒருவர்.

பிவண்டியின் கதை இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 2006 ஜூலை 5ஆம் நாள், அதே ஊரில், கபரஸ்தானை ஒட்டிய நிலத்தில் காவல் நிலையம் கட்டப்படுவதை எதிர்த்துக் கூட்டம் கூடிற்று. அந்நிலம் கபரஸ்தானுக்கு உரியது என்பது நம்மவர் வாதம். கல் பறந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அன்றிரவு, அந்த இடத்தோடு சம்பந்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த காவலர் இருவரை ஒரு கும்பல் கொன்றது. அவர்களுக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு. தோழரிடம் இதைக் கேட்டபோது நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “வாரக் கூட்டம் மாதக் கூட்டமாயிற்று, மாதக் கூட்டம் பண்டிகைக் கூட்டமாயிற்று. பதினான்கு வருடத்தில் குழாயடியில் உட்கார்ந்தவர்கள் வயதாகிப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளை யாரும் உட்கார வைக்கவில்லை” என்றார். “நாங்களும் வைக்கவில்லை” என்று சற்றுப் பொறுத்துச் சேர்த்துக்கொண்டார். ஊரைக் காக்கும் கட்டடமே சண்டைக்குக் காரணமாயிற்று. அதை எங்கே கட்டுவது என்று குழுவில் உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் நம்மை இன்றும் விடவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் காகிதக் கட்டில் இருந்தது. 2001இல் பேரிடி விழுந்த நியூயார்க் நகரின் காவல்துறை, 2003இல் ஒரு தனிப்பிரிவை ஏற்படுத்திச் சாதாரண உடையில் ஆட்களை அனுப்பியது. பள்ளிவாசலிலும் தேநீர்க் கடையிலும் மாணவர் சங்கத்திலும் முஸ்லிம்கள் என்ன பேசுகிறார்கள் என்று குறித்து வரச் செய்தது. குற்றம் செய்தவனைத் தேடிப் போகவில்லை. ஒரு சமுதாயத்தின் பேச்சையே ஏட்டில் ஏற்றினார்கள். 2011இல் செய்தியாளர்கள் அதை வெளிக்கொணர்ந்தனர். 2012இல் அத்துறையின் உளவுத் தலைமை அதிகாரி நீதிமன்ற விசாரணையொன்றில் சாட்சியம் அளிக்கையில், தாம் பொறுப்பேற்ற காலத்தில் அப்பிரிவின் அறிக்கைகளிலிருந்து ஒரு புலனாய்வுகூடத் தொடங்கப்பட்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். 2014இல் பிரிவு கலைக்கப்பட்டது. அந்நகரத்தின் முஸ்லிம்கள் 300 பேரிடம் பேசி, டைலர், ஷுல்ஹோஃபர், அஸீஸ் ஹக் என்ற மூன்று அறிஞர்கள் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காவல்துறைக்கு உதவ ஒருவர் முன்வருவாரா மாட்டாரா என்பது அவருடைய மார்க்கப் பற்றின் அளவைப் பொறுத்திருப்பதாக அவர்கள் காணவில்லை. காவல்துறை தம்மை நியாயமாக நடத்துகிறது என்று அவர் கருதுகிறாரா என்பதையே பொறுத்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டும். ஏட்டின் குறிப்புப் புத்தகத்துக்கு எதிராக நம் மனவருத்தத்தை எடுத்து வைத்தால் யாரும் கேட்பதில்லை. புள்ளிவிவரத்தை எடுத்து வைத்தால் கொஞ்சமேனும் கேட்கிறார்கள்.

நம் தமிழகத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. முஸ்லிம்கள் திரளாக வாழும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் 1993இல் ‘காவல்துறை நண்பர்கள்’ என்ற இயக்கம், அப்போதைய கண்காணிப்பாளர் பிரதீப் பிலிப் அவர்களால் தொடங்கப்பட்டது. பின்னர் மாநிலமெங்கும் பரவியது. நல்ல எண்ணத்தோடு பிறந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் துன்புறுத்தப்பட்டு மாண்டபோது இவ்வமைப்பின் மீதும் கேள்விகள் எழுந்து, அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. நண்பன் என்ற பெயர் போதுமா? யாருக்கு நண்பன் என்று தெருவில் இருப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

பன்னிரண்டாம் நாள் காலையில் கடிதத்தை எடுத்தோம். கையொப்பக் கோட்டுக்கு மேலே இருந்த சிறு இடத்தில் நம் கையாலேயே எழுதினோம்: எவருடைய உயிருக்கேனும் ஆபத்து என்று அறிந்தால் நள்ளிரவானாலும் நாமே வந்து சொல்வோம், எவருடைய பேச்சையும் கருத்தையும் சுமந்து வரமாட்டோம், குழுவின் கூட்டம் காவல் நிலையத்தில் அல்லாமல் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில், மாதந்தோறும், ஊரார் அனைவரும் வந்து கேட்கும்படி நடக்க வேண்டும். அதன் கீழே கையொப்பமிட்டு, ஆய்வாளரிடம் நேரில் கொடுத்தோம். இளம் வயதுப் பெண்மணி. இரண்டு முறை படித்தார். “இப்படி யாரும் எழுதிக் கொடுத்ததில்லை ஐயா” என்றார். கோபமா வியப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, “மாதா மாதம் கூட்ட எனக்கு ஆள் பற்றாது. ஆனால் பள்ளிக்கூடம் நல்ல யோசனை” என்றார். ஆள் சேர்க்கும் வேலையை நாமும் பெருமாள் கோயில் தெருவின் ஓய்வுபெற்ற தபால்காரரும் ஏற்றுக்கொண்டோம்.

முதல் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். நம் ஜமாஅத்திலிருந்து நம்மோடு சேர்த்து நான்கு பேர்தாம்; முத்தவல்லி வரவில்லை. இதெல்லாம் நமக்கு எதற்கு என்று அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அவருடைய மகனை 1998இல் மூன்று நாட்கள் வைத்திருந்தார்கள். மீன் விற்கும் அம்மா ஒருவர், கபரஸ்தான் வழியே போகும் சாலையில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை, விடியற்காலையில் கூடையோடு வரப் பயமாக இருக்கிறது என்றார். பஜ்ருத் தொழுகைக்கு அவ்வழியே வரும் நம்மவர்கள் இத்தனை நாளும் கைவிளக்கோடு வந்தார்களே தவிர, ஒருவரும் அதைச் சொன்னதில்லை. காவலர் ஒருவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகத்தைக் கண்டதும் நம் கண் ஒரு கணம் வேப்பமரத்துச் சைக்கிளுக்குப் போய் வந்தது. எழுதியதை உரக்கப் படியுங்கள் என்று கேட்டோம். படித்தார்.

விளக்குகளில் ஒன்று இப்போது எரிகிறது. மற்றதற்குக் கம்பம் மாற்ற வேண்டுமாம். அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு அஸருக்குப் பின். முத்தவல்லியை நேற்றும் பார்த்துப் பேசினோம். மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.